பனியன் அச்சும் பத்திரிகைப் படமும்

(அரியலூரில் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



பெரம்பலூர், அரியலூர்ப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்கப் போன நம் பிள்ளைகளுக்கு இந்த வேலை தெரியும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணி. அதன்மேல் மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஓர் இழுப்பு. கீழே பனியனில் படம் விழுந்துவிடும். ஸ்கிரீன் பிரிண்டிங் என்கிறோம். துணியில் மருந்து பூசி, படத்தின் பிலிமை வைத்து வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். படாத இடம் தண்ணீரில் கழுவிக்கொண்டு போகும். மை இறங்குவது அந்த வழியாகத்தான்.

இந்தத் தொழிலாளியின் கருவியை 1962ல் கையிலெடுத்தார் ராபர்ட் ரௌஷன்பர்க் என்ற அமெரிக்க ஓவியர். எண்ணெய் ஆலைகள் நிறைந்த போர்ட் ஆர்தர் நகரில் 1925ல் பிறந்தவர், 2008ல் காலமானார். பத்திரிகைப் போட்டோக்களைக் கித்தானில் அச்சடித்து, அதன்மேலேயே தூரிகையால் வண்ணம் தீட்டினார். 'பார்ஜ்' என்ற ஓவியம் மட்டும் 32 அடி நீளம்! 1964ல் வெனிஸ் கண்காட்சியில் ஓவியத்துக்கான பெரும் பரிசு கிடைத்தது. உடனே ஊருக்குச் சொல்லியனுப்பி, பட்டறையிலிருந்த ஸ்கிரீன்களை அழிக்கச் சொன்னாராம். செய்ததையே திரும்பச் செய்ய அவருக்கு இஷ்டமில்லை. படம் விற்கிறவன் கேட்டால் வயிறெரிவான்!

1975ல் அவர் அகமதாபாத்துக்கும் வந்தார். விருந்தளித்தது காலிகோ மில் முதலாளிகளான சாராபாய் குடும்பம். வேலை செய்ததோ காந்தி ஆசிரமத்துக் காகிதப் பட்டறையில். கந்தல் காகிதக் கூழில் புளியங்கொட்டை மாவும் வெந்தயமும் கலந்து சேறாக்கினார்கள். பாவுக்குக் கஞ்சி போடும் தோழர்களுக்குப் புளியங்கொட்டை மாவைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. அந்தப் படைப்புகளில் ஒரு வரிசைக்குப் பெயர் 'யூனியன்ஸ்'. நம் யூனியன் அல்ல, 'இணைப்புகள்' என்று அர்த்தம்.

நான் சொல்ல வந்தது வேறு. முதலில் எனக்கு இவர் படங்களில் மயக்கமில்லை. பத்திரிகைத் துண்டுகளை அள்ளிக் கொட்டினால் கலையாகுமா என்றுதான் கேட்டேன். 1970ல் செய்த 'ஸைன்ஸ்' என்ற ஸ்கிரீன் அச்சைப் பார்த்தபிறகு வாயை மூடிக்கொண்டேன். கொலையுண்ட மார்ட்டின் லூதர் கிங்கின் உடல். வியத்நாம் யுத்தத்துச் சிப்பாய்கள். சந்திரனில் நிற்கும் மனிதன். எல்லாம் ஒரே தாளில்! பத்திரிகை இவற்றைத் தனித்தனிச் செய்தியாகப் பிரித்து வைக்கும். சந்திரனுக்குப் போகப் பணமிருந்த தேசம்தான் இந்தக் காரியங்களுக்கும் சொந்தம் என்பது, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தானே கண்ணில் படுகிறது?

நம்மிடமும் போட்டோக்கள் பெட்டியில் கிடக்கின்றன. சிமெண்டுக்காகத் தோண்டிய சுண்ணாம்புக்கல் குழி ஒன்றில். காய்ந்த சோளக்கொல்லை இன்னொன்றில். பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து வருகிற பிள்ளைகள் ஒரு சட்டமும் ரப்பர் பட்டையும் கொண்டுவரட்டும். மைச் செலவுக்கு நான் பொறுப்பு.