நாற்சார் வீட்டில் இன்று குடியிருப்பது

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



வைத்தியர் என்றபடியால் நீரிழிவைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் வீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எங்கள் வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதப்படுவது. நயினாதீவில் பூட்டிக் கிடக்கும் நாற்சார் வீடுகளை இடிப்பதா, வைத்திருப்பதா என்ற முடிவு அதனால் பெரும்பாலும் எங்கள் கையில்தான். ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் எடுக்கும் முடிவாகவும் அது இருக்கலாம்.

அம்மம்மாவின் வீடு எனக்கு வந்தபோது, இடித்து மாடி கட்டச் சொன்னவர்களே அதிகம். அம்மாவோ அங்கேதான் இருப்பேன் என்று நின்றார். எழுபது கடந்தவர், முழங்கால் நோவு. மலசலகூடம் வளவின் கோடியில். இருட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வரும் முதியவர்களை நான் ஆஸ்பத்திரியில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! எனவே சாமான் அறையைக் குளியலறையாக்கினோம். குழாய்களுக்காகப் பழைய சுவரைக் கொத்தவில்லை. நிலத்துக்குக் கீழால் கொண்டுபோனோம். வாசற்படிகளுக்குச் சரிவு வைத்தோம்.

சுவர்தான் பெரிய வழக்கு. சீமெந்து பூசினால் ஆயுளுக்கும் நிற்கும் என்றார் மேசன். முருகைக்கற் சுவர் நிலத்து ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சும். சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை உலர விடும். சீமெந்து உள்ளே அடைத்துவிடும். பிறகு உப்புப் பொரிந்து பூச்சு கழரும், பூஞ்சணம் பிடிக்கும். இழுப்பு உள்ள பிள்ளைக்கு அது கூடாது. சுண்ணாம்பை நீற்றிப் பொறுமையாகப் பூசினோம். கிணற்று நீர் உவர் என்பதால், குழைக்கச் சேமித்த மழைநீர். கடலில் முருகைக்கல் எடுப்பது இன்று சட்டப்படி குற்றம். விழுந்த பின்சுவரின் கற்களையே திரும்ப வைத்தோம். ஒரு கல்லையும் எறிந்துவிடாதீர்கள்.

முற்றத்தைக் கண்ணாடியால் மூடலாம் என்றார்கள் பிள்ளைகள். சம்மதிக்கவில்லை. சூடு வெளியேறும் வழியே அதுதானே. நுளம்புக்கு யன்னல்களில் வலை அடித்தோம். நாலு தாழ்வாரத்து மழையும் பீலி வழியே மூடிய தொட்டிக்குப் போகிறது. இந்தத் தீவில் அது பெரிய கொடை.

செலவு குறைவென்று சொல்லமாட்டேன். குறிகட்டுவானிலிருந்து எல்லாம் வள்ளத்தில் வரவேண்டும். பனை வளையில் வேலை தெரிந்த தச்சர்களும் சிலர்தான்.

பூட்டிய வீடு வைத்திருப்பவர்கள் திருத்த வேலையை ஆறுதலாகத் தொடங்கலாம். ஓட்டை மட்டும் பிற்போடாதீர்கள். உடைந்த ஒரு ஓட்டால் இறங்கும் தண்ணீர் வளையை உக்க வைக்கும். வளை போனால் கூரை சரியும். ஐப்பசி மழைக்கு முன்னர் ஒருவரை ஏற்றி ஓடு மாற்றுவியுங்கள்.