எழுபது நாளில் வந்த திருத்தம்
(காரியாபட்டியில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"அம்பேத்கர் பத்தாண்டுகளுக்குத்தானே சலுகை தந்தார், இன்னும் ஏன் கேட்கிறீர்கள்?" என்று கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகளைப் பிறர் கேட்கின்றனர். அவர்களும் விடையறியாது தலைகுனிந்து நிற்கின்றனர். விடை கூற வேண்டுமாயின், அரசியல் சட்டம் எவ்வாறு திருத்தப்படுகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

1950 ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் அரசுப் பணி ஒதுக்கீட்டிற்கு 16(4) என்னும் பிரிவு இருந்தது. கல்லூரி இடங்களுக்கு அத்தகைய பிரிவு இல்லை. அந்நாளில் சென்னை இராஜ்யத்தில் வகுப்புவாரி ஆணை ஒன்று நடப்பில் இருந்தது. அதன்படி மருத்துவ, பொறியியற் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, 'அரிசனர்' என்று ஆணை குறித்த நம் மக்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறித்தவர்க்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. இதனை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். ஆணை செல்லாது என்று 1950இல் சென்னை உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9ஆம் நாள் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தன. பதினான்கில் இரண்டு என்பது பெரும் பங்கன்று, அதுவும் போயிற்று.

தமிழகத்தில் பெரியார் முன்னின்று நடத்திய கிளர்ச்சி தில்லிக்கும் எட்டியது. பிரதமர் நேரு முதல் திருத்த மசோதாவைக் கொணர்ந்தார். சட்ட அமைச்சராயிருந்த அண்ணல் அம்பேத்கர் அதனை ஆதரித்துப் பேசினார். ஜூன் 18ஆம் நாள், தீர்ப்பு வந்த எழுபதாம் நாளில், 15(4) சட்டமாயிற்று. சமூகத்திலும் கல்வியிலும் பிற்பட்ட வகுப்பினர்க்கும், அட்டவணைச் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் அரசு தனி ஏற்பாடு செய்வதை அச்சமத்துவ விதிகள் தடுக்கமாட்டா என்பது அதன் பொருள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போயிருக்கக்கூடிய நம் வட்டாரத்துப் பிள்ளை இன்று அரசு மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் பெறுகிறானென்றால், அது இப்பிரிவின் வலிமையால்தான். இப்பிரிவிற்குக் கால வரம்பு ஏதுமில்லை.

பத்தாண்டு என்னும் வரம்பு சட்டமன்ற, மக்களவைத் தனித் தொகுதிகளுக்கு மட்டுமே உரியது. அது 334ஆம் விதி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவோர் படித்தவரிலும் உளர் என்பதே வேடிக்கை.

இனித் திருத்தும் முறை. அதனைக் கூறுவது 368ஆம் விதி. மசோதாவை ஈரவைகளும் தனித்தனியே நிறைவேற்ற வேண்டும். ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரும் ஆதரித்தல் வேண்டும். 543 பேர் கொண்ட மக்களவையில் 480 பேர் வாக்களித்தால் 320 பேரின் ஆதரவு தேவை, 272 போதாது. மாநிலங்களின் உரிமை முதலிய சிலவற்றைத் தொடும் திருத்தங்களுக்குப் பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் இசைய வேண்டும். பின்னரே குடியரசுத் தலைவரின் ஒப்புதல்.

அப்படியாயின், பெரும்பான்மை பெற்றோர் எதனையும் நீக்கிவிடலாமா? கேசவானந்த பாரதி வழக்கில் 1973 ஏப்ரல் 24ஆம் நாள் 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு, எழுவர்க்கு அறுவர் என்ற கணக்கில், சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தால் சிதைத்தல் ஆகாது என்றது. ஒரே நீதிபதியின் வேறுபாட்டில் நின்ற காப்பு அது.

தனித் தொகுதிகளின் காலமோ பத்துப் பத்தாண்டாக நீட்டப்பட்டே வந்துள்ளது. 2019இல் நிறைவேறிய 104ஆம் திருத்தத்தின்படி அது 2030 ஜனவரி 25ஆம் நாளோடு முடியும். மறுபடி நீட்ட மற்றொரு திருத்தம் வேண்டும். அன்று நம் தொகுதியின் உறுப்பினர் எப்பக்கம் வாக்களிப்பார் என்று இங்குள்ள இளைஞர்கள் அவரிடம் இப்போதே கேட்கலாம்.