பேயா? பிணியா?
(திண்டிவனத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



காய்ச்சல் கண்டால் டாக்டரிடம் ஓடுகிற நாம், புத்தி தடுமாறியவனை மாத்திரம் பேய் பிடித்தவனென்று சங்கிலியில் கட்டுகிறோம். மூளையும் உடலைச் சேர்ந்ததுதானே? அதற்கு மாத்திரம் நோய் வராதா?

2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் தர்காவை அடுத்த ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டுண்டு ஓட முடியாமல் 28 நோயாளிகள் மாண்டார்கள். பேய் ஓடிற்றா? மனிதர்களல்லவா வெந்தார்கள்! கோயிலானாலும் தர்காவானாலும் சங்கிலி ஒன்றுதான்.

2017-ம் வருஷத்துச் சட்டம் சங்கிலியைத் தடுத்துவிட்டது. ஆனால் உங்கள் வீட்டு விலங்கை நீங்கள்தான் அவிழ்க்க வேண்டும். தூக்கமின்மை, தனியே பேசுதல், வீண் சந்தேகம் நீடித்தால் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பரிசோதனை என்பது பைத்தியப் பட்டம் கட்டுவதல்ல. டாக்டர் விசாரித்து அறிவதேயாகும். வெட்கமாயிருந்தால் 14416 என்ற எண்ணில் காசில்லாமல் டெலிபோனில் கேளுங்கள். மந்திரிப்பவனுக்குக் கொடுக்கும் காலத்தை வைத்தியனுக்குக் கொடுங்கள்!