மூச்சே சான்று



கருங்கல்லுக்கு உயிரூட்டும் மாமல்லைக் கற்றச்சரின் உயிர்மூச்சுக்குக் கல்தூளே கூற்றாகலாம். மின்னறுவையில் எழும் நுண்தூள் நுரையீரலின் ஆழத்தே தங்கித் தழும்பாக்கும், அத்தழும்பு மீளாது. இளைப்புத் தோன்றுமுன்னரே பல்லாண்டுகள் கழிந்துவிடும்.

அந்நோயை மூச்சே முன்னர்க் காட்டிக்கொடுக்குமா? 1971-இல் இலைனசு பாலிங்கு குழுவினர், மாந்தர் வெளிவிட்ட மூச்சில் ஏறத்தாழ 250 ஆவிப்பொருள்களைக் கண்டனர். 1991-இல் அதில் நைட்ரிக் ஆக்சைடு எனும் வளி அறியப்பட்டது; அதன் மிகுதி, ஈளைநோயரின் மூச்சுக்குழல் அழற்சியை இன்று காட்டுகிறது. ஆயினும், நாட்பட்ட நுரையீரல் நோயின் கடுமையை இத்தகு பொருள்களைக்கொண்டு மட்டும் அறுதியிட இயலாது. ஊதியளக்கும் மூச்சளவியும் மார்புப்படமுமே இன்றுள்ள துணை.

புதுக்கருவி வரும்வரை காத்திருப்பதோ? கல்லை நனைத்தறுக்க! தூளை உறிஞ்சியகற்றுக! செங்கழுநீர்ப்பட்டிலேனும், 1928-இல் எழுந்த தாம்பரம் மார்புநோய் மருத்துவமனையிலேனும் ஆண்டுதோறும் மூச்சை அளந்தறிக!

சிலை நிற்க, செதுக்கியவன் வீழலாமோ?