கால் விறைக்கும் குழந்தை



ஒரு தாய் தன் ஆறு மாதக் குழந்தையைத் தூக்குகிறார். குழந்தையின் கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்கின்றன. உடம்பு கட்டை போல விறைக்கிறது. தலை இன்னும் நிற்கவில்லை.

"இவன் அப்பனும் தாமதமாகத்தான் நடந்தான். எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் பாட்டி.

ஒரு வருடம் போகிறது. இரண்டு வருடம் போகிறது. போன காலம் திரும்பி வருமா?

இது மூளை வாதமாக இருக்கலாம். டாக்டர்கள் இதைச் செரிபிரல் பால்சி என்பார்கள்.

இது ஏன் வருகிறது?

குழந்தை வயிற்றில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த பிறகோ மூளையின் ஒரு பகுதி பாதிக்கப்படுகிறது. குறைமாதப் பிரசவம் ஒரு காரணம். பிறக்கும்போது மூச்சுத் திணறுவது ஒரு காரணம். பிறந்தவுடன் வரும் கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் ஆகியவையும் காரணம். சில குழந்தைகளுக்குக் காரணமே தெரிவதில்லை. இது தாய் செய்த பாவம் அல்ல. கிரகண தோஷமும் அல்ல. மற்றவர்களுக்குத் தொற்றாது.

கால் ஏன் விறைக்கிறது?

தசைகளுக்கு மூளை கட்டளை அனுப்புகிறது. "இறுகு" என்பது ஒரு கட்டளை. "தளர்" என்பது இன்னொரு கட்டளை. பாதிக்கப்பட்ட மூளையால் "தளர்" என்று சரியாகச் சொல்ல முடிவதில்லை. தசை இறுகியே இருக்கிறது. குறை காலில் இல்லை. காலுக்கு வரும் செய்தியில் இருக்கிறது.

குழந்தை ஏன் விழுகிறது?

சைக்கிள் ஓட்டுபவரைப் பாருங்கள். உடம்பை இப்படியும் அப்படியும் சாய்த்து விழாமல் ஓட்டுகிறார். விறைத்த உடம்பால் அப்படிச் சாய முடியாது. அதனால் குழந்தை விழுகிறது. விழும் பயத்தில் உடம்பு இன்னும் விறைக்கிறது.

ஒன்றை நினைவில் வையுங்கள். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வளர்வதில்லை. ஆனால் இறுக்கத்தைக் கவனிக்காமல் விட்டால் தசை குறுகிப்போகும். குதிகால் தரையில் படாது. இடுப்பு மூட்டு விலகலாம். காத்திருப்பதால் வரும் கேடு இதுதான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

குழந்தையை இடுப்பில் தூக்குங்கள். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் இருக்கட்டும். நம் பாட்டிமார் தூக்கும் முறைதான் இது. பின்னும் கால்கள் இதனால் விரியும்.

படுக்க வைத்து ஊட்டாதீர்கள். புரையேறும். முதுகுக்கு அணை கொடுத்து உட்கார வைத்து ஊட்டுங்கள். உட்காரும்போது பாதம் இரண்டும் தரையிலோ பலகையிலோ பதியட்டும். பாதம் பதிந்தால் உடம்பு நிலைக்கும். கை விளையாட வரும்.

குழந்தை தானாகச் செய்ய முயல்வதைத் தடுக்காதீர்கள். பொம்மையைச் சற்றுத் தள்ளி வையுங்கள். எட்டி எடுக்கட்டும். அதுவே நல்ல பயிற்சி.

விறைத்த காலை வலிந்து இழுக்காதீர்கள். எண்ணெய் தேய்ப்பது குழந்தைக்குச் சுகம் தரும். ஆனால் அது மட்டும் போதாது. பயிற்சி முறையைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். அதைத் தினமும் செய்யுங்கள்.

மூளை வாதத்தை அடியோடு போக்கும் மருந்து இல்லை. இறுக்கத்தைக் குறைக்க மாத்திரையும் ஊசியும் உண்டு. பாதத்தை நேராக வைக்கும் பட்டை உண்டு. சிலருக்கு ஆபரேஷன் உதவும். எது வேண்டும் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எங்கே போவது?

லக்ஷ்மிபாய் நகருக்கு அருகிலேயே எய்ம்ஸ் மருத்துவமனையும் சப்தர்ஜங் மருத்துவமனையும் உள்ளன. மூளை வாதம் உள்ள குழந்தைகளுக்காக 1978-ல் டெல்லியில் ஒரு சங்கம் தொடங்கியது. அது இன்று ஆதி என்ற பெயரில் ஹவுஸ் காஸில் நடக்கிறது. சென்னையில் 1985 முதல் வித்யாசாகர் என்ற நிறுவனம் இந்தப் பணியைச் செய்து வருகிறது.

உடம்பு விறைத்தால் அறிவும் மங்கிவிடுமா? அப்படி முடிவு கட்டாதீர்கள். மாலினி சிப் என்ற பெண்ணுக்கு மூளை வாதம் உண்டு. அவர் தாய் மிது ஆலூர் 1972-ல் பம்பாயில் இத்தகைய குழந்தைகளுக்கென்று பள்ளி தொடங்கினார். மாலினி லண்டன் சென்று முதுகலைப் பட்டங்கள் பெற்றார். ஒரு விரலால் தட்டச்சு செய்து தம் வாழ்க்கையை நூலாக எழுதினார். அது 2010-ல் வெளிவந்தது.

எல்லாக் குழந்தைகளும் அப்படிப் படிக்க முடியாமல் இருக்கலாம். ஆனால் பள்ளிக்குப் போகும் உரிமை எல்லோருக்கும் உண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூளை வாதமும் சேர்க்கப்பட்டுள்ளது. ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி கிடைக்கும். அரசு மருத்துவமனையில் சான்றிதழ் வாங்கி வையுங்கள்.

நான்கு மாதமாகியும் தலை நிற்கவில்லையா? ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லையா? ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறதா? நடக்கும் வயது வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே குழந்தையை டாக்டரிடம் காட்டுங்கள்.