இளவட்டக்கல்லும் வீட்டு நாற்காலியும்

நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கல் வந்தால் இளவட்டக்கல் போட்டி. உருண்டையான கல், பிடிமானம் கிடையாது. குந்தி அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சோடு சேர்த்துத் தோளுக்குக் கொண்டுபோக வேண்டும். பெண்களும் தூக்குகிறார்கள். கற்கள் பல எடையில் உண்டு; சிறியதில் பழகியவர்தான் பெரியதை நெருங்க முடியும்.

தசைப்பயிற்சியின் அடிப்படையும் அதுவே.

கங்கைகொண்டான் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்கு ஜிம் கட்டாயமில்லை. வாரம் 2 நாளாவது தசைகளுக்கு வேலை கொடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர்க் குடத்தோடு நடப்பது எல்லாமே பயிற்சிதான். 10 முறை எளிதானால் 12. பிறகு கொஞ்சம் எடை.

வயதாகிவிட்டதே என்று ஒதுங்க வேண்டாம். பாஸ்டனில் 90 வயதை ஒட்டிய முதியவர்கள் 8 வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி செய்தார்கள். அவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியதாக 1990-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. எவ்வளவு பெரிய நம்பிக்கை இது!

எடை தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. ரத்த அழுத்தம், இதய நோய், முதுகுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.