ஹிப்-ஹாப் மேடைக்கு ஏற்ற பாஸ் கிட்டார்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நம் காலனி இளைஞர்கள் வரும் பொங்கல் விழாவில் ஹிப்-ஹாப் நிகழ்ச்சி ஒன்றை நடத்த விரும்புகின்றனர். அதற்கென ஒரு பாஸ் கிட்டார் வாங்கச் சங்க நிதியிலிருந்து பணம் கேட்டுள்ளனர். "அந்த ஒலியைக் கணிப்பொறியே தருகின்றதே, கருவி எதற்கு?" என்று செயற்குழுவில் பெரியவர் ஒருவர் வினவினார். நியாயமான வினாவே. இளமையில் சில ஆண்டுகள் அக்கருவியைத் தோளில் சுமந்தவன் என்னும் ஒரே தகுதியால், விடை கூறும் பொறுப்பு என்மேல் விழுந்தது.

நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், 1973 ஆகஸ்டு 11 அன்று கூல் ஹெர்க் என்னும் இளைஞர் இசைத்தட்டுகளைச் சுழற்றிய ஆடல் விருந்தையே ஹிப்-ஹாப்பின் தொடக்கமாகக் கொள்வது மரபு. பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை, ஒரே தட்டின் இரு படிகளைக் கொண்டு நீட்டியவர் அவர். ஆகவே இவ்விசையில் வாத்தியக்காரருக்குத் தொடக்கத்தில் இடமே இல்லை என்று பெரியவர் கூறலாம். ஆயினும் 1979-இல் வெளிவந்த 'ராப்பர்ஸ் டிலைட்' என்னும் புகழ்பெற்ற பாட்டைக் கேளுங்கள். 'ஷிக்' குழுவின் பெர்னார்டு எட்வர்ட்ஸ் 'குட் டைம்ஸ்' பாட்டில் வாசித்த பாஸ் வரிசையை, ஒலிப்பதிவுக் கூடத்தில் கலைஞர்கள் மீண்டும் வாசித்தே அதனை உருவாக்கினர். பிலடெல்பியாவின் 'தி ரூட்ஸ்' குழுவோ வாத்தியங்களையே நம்பி வளர்ந்தது. 1995-இல் வெளிவந்த அவர்களுடைய இசைத்தொகுப்பில் பாஸ் வாசித்தவர் லெனார்டு ஹப்பர்டு. பாடுபவர் மூச்சு வாங்க ஒரு கணம் நின்றால் தானும் நின்று, அவர் பாயும்போது உடன் பாயும் தோழமை கணிப்பொறிக்கு வாராது. அதற்காகவே பணம் கேட்கின்றோம்.

இனி, எதை வாங்குவது?

கடையில் இளைஞரை முதலில் மயக்குவது ஐந்து தந்திக் கருவி. நான்கு தந்திக் கருவியின் கீழ்த்தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வு தரும். ஐந்தாம் தந்தி 31 வரை இறங்கும். 1980-இல் ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் வெளியிட்ட டி.ஆர்.-808 என்னும் தாளப் பொறியின் நீண்ட முழக்கம் இவ்விசையின் அடித்தளமாகிவிட்டபடியால், அந்த ஆழம் வேண்டும் என்பது பொய்யன்று. ஆனால் மலிவான ஐந்து தந்திக் கருவிகள் பலவற்றில் அந்த ஐந்தாம் தந்தி துவண்டு கிடக்கும், சுருதி தெளியாது. நம் மண்டபத்து ஒலிபெருக்கிகளும் 40-க்குக் கீழே முனகுமேயன்றிப் பேசா. அதே விலைக்கு நல்ல நான்கு தந்திக் கருவி கிடைக்கும். தேவைப்படும் பாட்டுக்குக் கீழ்த்தந்தியைச் சற்றுப் பருமனாகப் பூட்டி ஒரு முழுச் சுரம் தணித்துக்கொள்ளலாம். 37 அதிர்வு வரை இறங்கலாம்.

அடுத்து, ஒலியை வாங்கும் பிக்கப். லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன், 1960-இல் வெளியிட்ட ஜாஸ் என்னும் இரு வகைகளின் வழிவந்தவையே கடைகளில் பெரும்பாலும் தொங்குகின்றன. ஜாஸ் வகையின் கழுத்து ஒடுக்கமானது. சிறிய கைக்கு இதமானது. அதன் இரு பிக்கப்புகளில் ஒன்றை மட்டும் திறந்து வாசித்தால், மேடை விளக்குகளின் அருகே இரைச்சல் எழும். பிரிசிஷனின் பிக்கப்போ 1957 முதல் இரு துண்டுகளாய் அமைந்து அவ்விரைச்சலைத் தானே அடக்கிக்கொள்வது. அதன் ஒலி உருண்டையானது; பாடுபவரின் சொல்மீது ஏறி மிதிக்காது. ராப் என்பது சொல்லின் கலை. சொல் மூழ்கினால் எல்லாம் மூழ்கிற்று. என் வாக்கு பிரிசிஷன் வகைக்கே.

தந்தியைத் தட்டைச் சுற்றுடையதாகப் பூட்டுக. டெட்ராயிட் நகரின் ஜேம்ஸ் ஜேமர்சன் தம் 1962-ஆம் ஆண்டுப் பிரிசிஷனில் அத்தகைய தந்தியையே பூட்டியிருந்தார். தந்தி நெடிது அதிராதபடி குதிரையருகே நுரைப்பஞ்சும் வைத்திருந்தார். குறுகி, கனத்து, சட்டென ஓயும் அந்த நாதமே காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய டிரம்முக்கு இடம் விட்டு நிற்கும். மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசையை ஏன் ஒட்டுகிறோம், எவ்வளவு ஒட்டுகிறோம் என்று அறிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மின்கலம் பொருத்திய கருவிகளும் உண்டு. கூர்மையும் பலமும் மிக்கவை, தவறில்லை. ஆனால் என் முதற் சம்பளத்தில் அத்தகைய ஒன்றை வாங்கி, ஒத்திகை முடிந்த இரவு கம்பிவடத்தைக் கழற்றாமலே உறங்கிப்போனேன். வடம் செருகியிருக்கும் வரை மின்கலம் கரைந்துகொண்டே இருக்கும் என்பதை மறுநாள் மூன்றாம் பாட்டின் நடுவே அறிந்தேன். நானூறு பேர் முன்னிலையில் ஊமையாய் நின்றவன் சொல்கிறேன்: முதற் கருவி மின்கலம் இல்லாததாகவே இருக்கட்டும்.

கடையில் உட்கார்ந்து பார்த்து வாங்காதீர்கள். அகலமான தோள்வாரில் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் நில்லுங்கள். நான்கு கிலோ எடை முதலில் பொருட்டாகத் தோன்றாது. கையை விட்டதும் தலைப்பக்கம் தரையை நோக்கிச் சாயும் கருவியாயின், அதை வாங்கற்க. பிறகு ஒரே நான்கு தாளச் சுற்றைப் பத்து நிமிடம் மாற்றமின்றி வாசியுங்கள். ஹிப்-ஹாப்பில் உங்கள் வேலை அதுவே. ஒவ்வொரு மெட்டிலும் விரல் வைத்து, எங்கேனும் தந்தி கரகரக்கின்றதா என்று கேளுங்கள். நிதி முழுவதையும் கருவிக்கே கொட்டிவிடாமல், மண்டபத்து ஒலிக்கருவியோடு இணைக்கும் டி.ஐ. பெட்டிக்கும் நல்ல வடத்துக்கும் ஒரு பங்கை ஒதுக்குங்கள்.

பாஸ் வாசிக்க முன்வந்திருப்பவள் ஆறாண்டு வீணை பயின்ற நம் காலனிப் பெண். மெட்டில் விரல் வைக்க அவளுக்கு யாரும் கற்பிக்க வேண்டா. இடுப்பளவில் தொங்கும் கருவியை நின்று வாசிப்பதே அவளுக்குப் புதிது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஞாயிறன்று கடைக்குச் செல்கையில், செயற்குழுவில் வினா எழுப்பிய பெரியவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் இருபது ஆண்டு மிருதங்கம் வாசித்தவர். கருவியின் பெயரை அவரிடம் கூற வேண்டா. முதுகைத் திருப்பி நிற்கச் சொல்லி, மூன்று கருவிகளை வாசித்துக் காட்டுங்கள். அவர் எதைச் சுட்டுகிறாரோ அதற்குப் பணம் கட்டுங்கள்.